கோப்பு இல்லையா, பார்க்க முடியவில்லையா?

மைக்ரோசாஃப்டின் தானியக்க வேலைக் கருவியான பவர் ஆட்டோமேட்டில், அதே நிறுவனத்தின் இணையக் கோப்புக் களஞ்சியமான ஷேர்பாயிண்டில் கோப்பு ஒன்று இருக்கிறதா என்று கேட்க நேரடியான ஆக்ஷன் (ஒரு வேலையைச் செய்யும் பெட்டி) எதுவும் கிடையாது. கோப்பை உருவாக்கலாம், நகலெடுக்கலாம், நகர்த்தலாம், அழிக்கலாம், உள்ளே இருப்பதை எடுக்கலாம், எல்லாவற்றுக்கும் ஒரு பெட்டி இருக்கிறது. இருக்கா இல்லையா என்று மட்டும் கேட்க வழியில்லை. அதனால் ஆளுக்கொரு சுற்றுவழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். நான் பார்த்தவற்றில் முக்கால்வாசி ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன: கோப்பு இல்லை என்பதும், போய்ப் பார்க்கவே முடியவில்லை என்பதும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன. இரண்டு பதில்தான் என்று நினைத்துக் கட்டுகிறோம். இருப்பது மூன்று: இருக்கிறது, இல்லை, தெரியவில்லை. அந்த மூன்றாவதைக் கொண்டுபோய் ஒருவர் தலையில் கட்டினால் என்ன நடக்கும் என்பதைத் திருகோணமலையில் ஒரு சிக்கனக் கடன் கூட்டுறவுச் சங்கத்தின் வேலையில் நேரே பார்த்தேன், அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

சங்கத்தில் நடப்பது இது. நகரம், உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி, கிண்ணியா, மூதூர், சம்பூர் என்று பரந்து கிடக்கும் உறுப்பினர்களிடம் வெளிக்கள உத்தியோகத்தர்கள் போய்க் கடன் விண்ணப்பம் எடுப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று ஆவணம் வேண்டும்: தேசிய அடையாள அட்டை நகல், கிராம சேவகரின் கடிதம், கையெழுத்து வைத்த படிவம். போனில் படம் பிடித்து ஷேர்பாயிண்ட் கோப்புறையில் ஏற்றிவிடுவார்கள். காலையில் அலுவலகம் திறப்பதற்கு முன் ஒரு ஃப்ளோ (பவர் ஆட்டோமேட்டில் கட்டிய தானியக்க வேலைத்தொடர்) ஓடி, எந்த விண்ணப்பத்துக்கு எது குறைகிறது என்று பார்க்கும். குறைந்தால் உரிய உத்தியோகத்தருக்கு மின்னஞ்சல் போகும், முகாமையாளருக்கும் பிரதி போகும், அந்த விண்ணப்பம் அந்த வாரக் கடன் குழுக் கூட்டத்திலிருந்து பின்தள்ளப்படும். வாடைக்காற்று அடங்கிக் கடல் தொழிலுக்குத் தோதாகும் நேரத்தில் வலை வாங்கவும் இன்ஜின் திருத்தவும் கடன் கேட்டுக் கூட்டமாக வருவார்கள். அப்போது ஒரு வாரம் பின்தள்ளினால் அந்தக் குடும்பத்துக்கு ஒரு வார உழைப்பு போனது போலத்தான். கோப்பு இல்லை என்று ஃப்ளோ சொல்லும் ஒரு சொல்லில் இவ்வளவும் தங்கியிருக்கிறது.

ஒரு நாள் காலை மூதூர்ப் பக்கம் பார்க்கும் அக்கா போன் எடுத்தார். "தம்பி, நேற்றுப் பின்னேரமே மூன்றையும் போட்டுட்டன். இப்பவும் திறந்து பார்த்தால் கிடக்குது. பிறகு எப்பிடி இல்லையெண்டு வரும்? முகாமையாளருக்கும் போயிருக்கு, அவர் என்ன நினைப்பார்?" அக்கா கோபத்தில் கதைக்கவில்லை, மனம் நொந்து கதைத்தார். வெயிலில் அலைந்து வேலை செய்யும் ஒருவர், செய்து முடித்த வேலையைச் செய்யவில்லை என்று அவருடைய மேலதிகாரிக்கு ஒரு இயந்திரம் எழுதிவிட்டது. எனக்கு இது சின்ன விஷயமாகப் படவில்லை, இன்றைக்கும் படவில்லை.

அந்த ஃப்ளோ வேறொருவர் சங்கத்துக்குக் கட்டிக்கொடுத்தது, பராமரிக்கும்படி என்னிடம் வந்திருந்தது. ஃப்ளோ ஓடியதன் பதிவான ரன் ஹிஸ்டரியைத் திறந்து பார்த்தேன். அன்றைய பட்டியலில் அக்காவுடையது மட்டுமல்ல, குச்சவெளி, சம்பூர் என்று ஒரு கூட்டமே இல்லை என்று விழுந்திருந்தது. ஒவ்வொன்றாகத் திறந்து உள்ளே வந்த பதிலைப் பார்த்தால் 404 என்று ஒன்றுகூட இல்லை, எல்லாம் 429. கோப்பு இல்லை என்றால் ஷேர்பாயிண்ட் சொல்லும் எண் 404. 429 என்றால், ஒரே நேரத்தில் அளவுக்கு மீறிக் கேட்கிறாய், கொஞ்சம் பொறு என்று பொருள். நடந்தது விளங்கிவிட்டது. விண்ணப்பம் குவியும் காலம், 200க்கு மேல் இருந்தன, ஒவ்வொன்றுக்கும் 3 கோப்பு, ஆக 600க்கு மேல் கேள்வி. ஃப்ளோவை ஷேர்பாயிண்டோடு இணைக்கும் கனெக்டருக்கு ஒரு கனெக்ஷன் (ஒருவருடைய கணக்கில் ஏற்படுத்திய இணைப்பு) வழியாக 60 வினாடிக்கு 600 அழைப்புத்தான் அளவு. போதாக்குறைக்கு ஒவ்வொன்றாக எடுத்துச் செய்யும் அப்ளை டு ஈச் சுற்றில், ஒரே நேரத்தில் எத்தனை ஓடலாம் என்ற கன்கரன்சியை அதன் உச்சமான 50க்கு ஏற்றி வைத்திருந்தார்கள். 429 வந்தால் ஃப்ளோ தானாகவே சில தடவை மறுபடி கேட்டுப் பார்க்கும், அப்படியும் முடியாவிட்டால் அந்த ஆக்ஷன் தோற்றது என்று விட்டுவிடும். தோற்றால் கோப்பு இல்லை என்று எடுத்துக்கொள் என்பதுதான் அந்த ஃப்ளோவின் தர்க்கம்.

இப்போது வழிமுறைக்கு வருகிறேன். பரவலாகச் சொல்லப்படும் வழி, "கெட் ஃபைல் மெட்டாடேட்டா யூசிங் பாத்" என்ற ஆக்ஷனுக்குக் கோப்பின் பாதையைக் கொடுப்பது. இருந்தால் கோப்பைப் பற்றிய விவரம் (மெட்டாடேட்டா) வரும், இல்லாவிட்டால் ஆக்ஷன் தோற்கும். அடுத்து வரும் பெட்டியில் "கன்ஃபிகர் ரன் ஆஃப்டர்" போய் (புதிய டிசைனரில் அது செட்டிங்ஸ் பக்கத்துக்குள் இருக்கிறது), தோற்றாலும் தொடர் என்று ஒரு டிக் போட வேண்டும். பெரும்பாலானோர் இத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இங்கேதான் இன்னும் ஒரு படி போக வேண்டும். அங்கே நான்கு டிக் இருக்கின்றன: வென்றால், தோற்றால், தவிர்க்கப்பட்டால், நேரம் கடந்தால். வென்றது, தோற்றது, நேரம் கடந்தது மூன்றையும் தெரிவுசெய்து, கிளைகளாகப் பிரிக்காமல் ஒரே பாதையில் தொடருங்கள். அடுத்து, ஒரு மதிப்பைப் பார்த்துக் கிளை பிரிக்கும் ஸ்விட்ச் ஒன்றை வையுங்கள், மெட்டாடேட்டா ஆக்ஷனின் அவுட்புட்டில் உள்ள பதில் எண்ணான ஸ்டேட்டஸ் கோடை அதற்குக் கொடுங்கள். 200 என்றால் இருக்கிறது. 404 என்றால் இல்லை. மற்ற எதுவானாலும், அதாவது டிஃபால்ட் கிளையில், தெரியவில்லை. 401, 403, 429, 500, 503 (அனுமதி இல்லை, சேவையகக் கோளாறு போன்றவை) எல்லாம் அங்கேதான் விழ வேண்டும்.

ஒரு சின்ன நுணுக்கம். நேரம் கடந்து நின்ற ஆக்ஷனுக்கு ஸ்டேட்டஸ் கோடே இருக்காது, வெறுமையாக வரும், வெறுமையைக் கொடுத்தால் ஸ்விட்ச் தானே உடைந்து நிற்கும். அதனால் கோலெஸ் என்ற சார்பால் (ஃபங்ஷன்) சுற்றி, ஒன்றும் வராவிட்டால் 0 என்று வைத்துக்கொள் என்று எழுதுங்கள். 0 டிஃபால்ட்டில் விழும், நமக்கு வேண்டியதும் அதுதான்.

இப்படிக் கட்டினால், கோப்பு இல்லாத ஒவ்வொரு தடவையும் ரன் ஹிஸ்டரியில் அந்தப் பெட்டி சிவப்பாகத்தான் தெரியும், ஃப்ளோ மொத்தமாக வெற்றி என்று முடிந்தாலும். அலுவலகத்தில் யாராவது திறந்து பார்த்துப் பதறுவார்கள். பெட்டியின் பெயரையே "கோப்பு உண்டா, சிவப்பு வரலாம்" என்று மாற்றி வைத்துவிட்டேன், கேள்வி நின்றுவிட்டது.

404ஐயும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. கோப்புறையின் பெயரை யாராவது மாற்றியிருந்தாலும் 404 வரும், பாதையில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் 404 வரும். ஷேர்பாயிண்ட் பக்கத்தில் "டாக்குமெண்ட்ஸ்" என்று தெரியும் நூலகத்தின் (கோப்புறைகளை வைக்கும் இடம்) உண்மையான முகவரி "ஷேர்ட் டாக்குமெண்ட்ஸ்" என்பது பலருக்குத் தெரியாது, கண்ணால் பார்த்ததைப் பாதையில் எழுதுவார்கள், ஒரு கோப்புக்கூட அகப்படாது. இந்த மாதிரி வேளையில் 200 பேருடைய ஆவணமும் ஒரே இரவில் காணாமல் போனது போல ஃப்ளோ நடந்துகொள்ளும். இதற்கு நான் செய்யும் ஏற்பாடு, எப்போதும் இருந்தே தீர வேண்டிய ஒரு சாட்சிக் கோப்பு. அதே கோப்புறையில் ஒரு சின்ன உரைக்கோப்பை வைத்து, அழிக்க வேண்டாம் என்று பெயரிலேயே எழுதி, காலையில் வேலை தொடங்கும் முன் அதைத்தான் முதலில் தேட வைத்தேன். சாட்சி கிடைக்காவிட்டால் டெர்மினேட் ஆக்ஷனால் ஃப்ளோ அங்கேயே தோல்வி என்று நின்றுவிடும், எனக்கு மட்டும் ஒரு செய்தி வரும், உத்தியோகத்தர்கள் யாருக்கும் எதுவும் போகாது. கனெக்ஷன் வைத்திருப்பவர் கடவுச்சொல்லை மாற்றிய பிறகு வரும் காலையில் இதன் அருமை தெரியும். ஃப்ளோ அவருடைய கணக்கின் பெயரில்தான் கதவைத் தட்டுகிறது, அந்தக் கணக்குக்குக் கதவு திறக்காவிட்டால் உள்ளே எத்தனை கோப்பு இருந்தும் ஒன்றுதான்.

இவ்வளவும் ஒன்றிரண்டு கோப்புக்குச் சரி. நூற்றுக்கணக்கில் பார்க்க வேண்டுமென்றால் ஒவ்வொன்றாகக் கேட்பதே வீண். "கெட் ஃபைல்ஸ் பிராப்பர்ட்டீஸ் ஒன்லி" என்ற ஆக்ஷனால் கோப்புறையின் முழுப் பட்டியலையும் ஒரே தடவையில் எடுத்து, பிறகு ஃப்ளோவுக்குள்ளேயே தேடுவது எவ்வளவோ மேல். இதில் இன்னொரு நன்மை, எதுவும் அகப்படாவிட்டாலும் இந்த ஆக்ஷன் தோற்காது, வெறும் பட்டியலைக் கொடுத்து வெற்றி என்று முடியும், ஆகவே இது தோற்றால் உண்மையிலேயே ஏதோ கோளாறு என்று எடுத்துக்கொள்ளலாம். சங்கத்தின் ஃப்ளோவை இந்த முறைக்கு மாற்றினேன், அறுநூறு கேள்வி கைவிரல் விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்தது, 429 அதன் பிறகு தலைகாட்டவில்லை.

ஆனால் இதற்கும் ஒரு பொறி உண்டு. டாப் கவுண்ட் பெட்டியை நிரப்பாமல் விட்டால் 100 வரிசைதான் வரும். 101வது கோப்பு இருக்கும், பட்டியலில் இருக்காது, ஃப்ளோ இல்லை என்று சத்தியம் செய்யும். சோதனைக்கு 10 கோப்பு வைத்துப் பார்த்தவர்களுக்கு இது ஒருபோதும் தெரியவராது. டாப் கவுண்டை 5000 வரை ஏற்றலாம், அதற்கு மேல் வேண்டுமென்றால் பக்கம் பக்கமாக எடுக்கும் பேஜினேஷனைத் திறக்க வேண்டும். 5000 என்பது ஷேர்பாயிண்டின் பழைய எல்லையும்கூட, அதைத் தாண்டிய நூலகத்தில் வடிகட்டித் தேடப் போனால் பிழை வரத் தொடங்கும். மாதத்துக்கு ஒரு கோப்புறை என்று பிரித்து வைத்தால் கோப்புறை அளவில் பட்டியல் எடுப்பது சுலபம்.

ஒரே ஒரு கோப்பைப் பெயரால் வடிகட்ட விரும்பினால், நிபந்தனையை எழுதும் ஃபில்டர் கொரியில் "ஃபைல் லீஃப் ரெஃப்" என்ற உள்பெயரைப் பயன்படுத்த வேண்டும், திரையில் தெரியும் "நேம்" அங்கே செல்லாது. கோப்பின் பெயரை ஒற்றை மேற்கோள் குறிக்குள் கொடுக்க வேண்டும். எங்கள் ஊர்க்காரருக்கு இதில் ஒரு விசேஷ தொல்லை. உவர்மலையை ஆங்கிலத்தில் (Orr's Hill) எழுதும்போது நடுவில் ஒரு ஒற்றை மேற்கோள் குறி வரும் அல்லவா, அந்தக் குறியோடு ஒரு கோப்புப் பெயர் வந்தால் வடிகட்டி அந்த இடத்திலேயே பெயர் முடிந்துவிட்டது என்று நினைத்துப் பிழை கொடுக்கும். ரீப்ளேஸ் சார்பால் ஒரு குறியை இரண்டு குறியாக்கிக் கொடுத்தால் சரி. உவர்மலை உறுப்பினர்களுடைய ஆவணம் மட்டும் ஏன் சிக்குகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு விடை இவ்வளவுதான்.

எழுத்தின் பெரியது சிறியதும் கவனிக்க வேண்டியது. ஷேர்பாயிண்ட் கோப்புப் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும், ஃப்ளோவின் ஒப்பீடு அப்படி எடுக்காது. இரண்டு பக்கத்தையும் சிறிய எழுத்தாக்கிவிட்டு ஒப்பிடுங்கள். கோப்பின் நீட்டிப்பும் ஆளை ஏய்க்கும். ஒருவர் போனில் ஜேபிஜி, இன்னொருவருடையதில் ஜேபிஇஜி, ஐபோன் என்றால் எச்இஐசி. விண்டோஸ் வழக்கமாக நீட்டிப்பை மறைத்தே காட்டும், அதனால் பிடிஎஃப் என்று பெயரில் தாங்களாகவும் ஒரு தடவை எழுதிச் சேமித்து இரட்டை நீட்டிப்போடு வந்த கோப்புகளும் உண்டு. நீட்டிப்பை விட்டுவிட்டுப் பெயரின் முன்பகுதியைத் தேடுவதே நல்லது.

தமிழ்ப் பெயர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், இதை யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. திருகோணமலை என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள கோ என்ற எழுத்தை, எழுத்துகளுக்குக் குறியீடு கொடுக்கும் பொதுமுறையான யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க என்ற எழுத்தின் பின் இரட்டைக் கொம்பும் அரவும் சேர்ந்த ஒரே குறியீடு ஒரு விதம். இரட்டைக் கொம்புக்கு ஒரு குறியீடு, அரவுக்கு இன்னொரு குறியீடு என்று பிரித்து வைப்பது மற்ற விதம். திரையில் இரண்டும் அச்சடித்தது போல ஒரே மாதிரித் தெரியும். யூனிகோட் விதிப்படியும் இரண்டும் சமம். ஆனால் ஃப்ளோவில் லெங்த் சார்பைக் கொண்டு அளந்து பாருங்கள், ஒன்று 10 என்று வரும், மற்றது 11 என்று வரும். ஈக்வல்ஸ் கொண்டு ஒப்பிட்டால் வெவ்வேறு என்று சொல்லும். பாமினி எழுத்துருவில் இருந்த பழைய பட்டியல்களை யூனிகோடுக்கு மாற்றும் சில மாற்றிகள் இந்தப் பிரிந்த வடிவத்தைக் கொடுக்கின்றன, சில விசைப்பலகைகளும் அப்படித்தான், போனில் தட்டினால் பெரும்பாலும் சேர்ந்த வடிவம் வருகிறது. சங்கத்தின் உறுப்பினர் பட்டியல் பழைய பாமினிப் பட்டியலில் இருந்து மாற்றியது, கோப்புகள் போனில் பெயர் வைத்தவை. கோணேஸ்வரி, யோகராசா, பொன்னம்பலம் போன்ற பெயர்கள் மட்டும் திரும்பத் திரும்ப இல்லை என்று வர, கண்ணால் பார்ப்பவருக்கு இரண்டு பக்கமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே தெரியும்.

தீர்வு கஷ்டமில்லை. ஒப்பிடும் முன் இரண்டு பக்கத்துக்கும் ரீப்ளேஸ் போட்டு, ஒற்றைக் கொம்பும் அரவும் தனித்தனியே வந்தால் ஒகரக் குறியாக்கு, இரட்டைக் கொம்பும் அரவும் வந்தால் ஓகாரக் குறியாக்கு என்று எழுதிவிடுங்கள். ஔகாரக் குறியும் இதே மாதிரி, அதிலே பலர் கடைசியில் ள என்ற எழுத்தையே தட்டியும் வைத்திருப்பார்கள். ஸ்ரீ என்பது இதைவிட மோசம், ஒரே உருவத்துக்கு இரண்டு வேறு எழுத்துக்கூட்டல் யூனிகோடில் உண்டு, அவற்றைச் சமம் என்று எந்த விதியும் சொல்வதில்லை. நம்மவர்கள் சிறீ என்றும் எழுதுவார்கள். இத்தனையையும் துரத்திக்கொண்டு ஓட முடியாது. ஆகவே கோப்பின் பெயரில் உறுப்பினர் இலக்கமும் ஆவண எண்ணும் மட்டும் இருக்கட்டும் என்று முடிவெடுத்தோம். உறுப்பினரின் பெயர் தமிழில் நூலகத்தின் ஒரு நிரலில் இருக்கிறது. கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைக்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை, மனிதர் பார்ப்பதற்கு அது வேண்டும், வைத்துக்கொள்ளுங்கள். இயந்திரம் தேடும் திறவுகோலாக அதை வைக்காதீர்கள் என்பதுதான்.

இருக்கிறது என்ற பதிலும் பொய்யாகலாம் என்பதற்கு நிலாவெளியில் ஒரு விருந்தினர் விடுதிக்குச் செய்த வேலை நல்ல உதாரணம். நள்ளிரவு கடந்ததும் அன்றைய தேதியைப் பெயரில் தாங்கி ஒரு முன்பதிவு அறிக்கை வந்து மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவில் விழும். காலை 5 மணிக்கு ஃப்ளோ ஓடி அது இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் சமையலறைக்கும் வரவேற்பு மேசைக்கும் அனுப்ப வேண்டும். பகலில் சோதித்தபோது கச்சிதமாக வேலை செய்தது. காலையில் ஓடும்போது முந்திய நாள் அறிக்கையை அனுப்பியது. ஃப்ளோவின் யுடிசி நவ் எப்போதும் உலகப் பொது நேரத்தைத்தான் சொல்லும், நாம் அதற்கு 5.30 மணி முன்னால் இருக்கிறோம், ஆகவே இங்கே காலை 5 மணி என்றால் அங்கே முந்திய நாள் இரவு 11.30. முந்திய நாள் தேதியில் கோப்பும் இருந்தது, அதனால் பிழை எதுவும் காட்டவில்லை. ஃப்ளோவைக் குறித்த நேரத்தில் தொடங்கி வைக்கும் ரிக்கரன்ஸ் ட்ரிகரில் நேர வலயத்தைத் தெரிவுசெய்துவிட்டோம், அது போதும் என்று நினைக்க வேண்டாம். அது ஃப்ளோ எப்போது தொடங்க வேண்டும் என்பதை மட்டும் தீர்மானிக்கும். தேதியைக் கன்வெர்ட் டைம் சோன் சார்பால் மாற்ற வேண்டும், நமக்குரிய வலயத்தின் பெயர் "ஸ்ரீலங்கா ஸ்டாண்டர்ட் டைம்".

கோப்பு வந்து சேர்ந்ததா, முழுதாக வந்ததா என்பது அடுத்தது. மெட்டாடேட்டாவில் சைஸ் என்று ஒரு விவரம் வரும், அது 0 என்றால் பெயர் மட்டும்தான் வந்திருக்கிறது. சிக்னல் விட்டுவிட்டு வரும் இடங்களில் இருந்து ஏற்றுபவர்களுக்கு இது சகஜம். நான் 0 பைட் கோப்பையும் இருக்கிறது என்ற பக்கத்தில் சேர்ப்பதில்லை, "மறுபடி ஏற்றவும்" என்று தனியாகச் சொல்ல வைக்கிறேன். படம் தெளிவாக இருக்கிறதா, சரியான ஆளுடைய அட்டைதானா என்பதை மனிதர்தான் பார்க்க வேண்டும், அதை ஃப்ளோவின் தலையில் ஏற்றக் கூடாது.

இன்னும் வரவில்லை என்பதற்கும் இல்லை என்பதற்கும் இடையில் பொறுமை வேண்டும். நிபந்தனை நிறைவேறும்வரை ஓடும் டூ அன்டில் சுற்றுக்குள் ஒரு டிலே (காத்திருப்பு) வைத்து, கோப்பு வரும்வரை திரும்பத் திரும்பப் பார்க்கலாம். அதன் இயல்பான எல்லை 60 சுற்று அல்லது 1 மணி நேரம், எது முன்னே வருகிறதோ அது. எல்லையில் முடிந்து வெளியே வந்ததா, கோப்புக் கிடைத்து வெளியே வந்ததா என்று சுற்றுக்குப் பிறகு மறுபடி சோதிக்க வேண்டும், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். சங்கத்தில் இது தேவைப்படவில்லை. அங்கே கோப்பு வந்ததும் ட்ரிகர் ஓடி ஒரு ஷேர்பாயிண்ட் பட்டியலில் உரிய வரிசையில் வந்த நேரத்தைக் குறித்துவிடும்படி செய்தேன். காலைப் பரிசோதனை அந்தப் பதிவேட்டை முதலில் பார்க்கும், அங்கே குறிப்பு இல்லாதவற்றை மட்டும் கோப்புறையில் போய்த் தேடும். பதிவேட்டில் இருந்து கோப்புறையில் இல்லாவிட்டால் யாரோ அழித்திருக்கிறார்கள். ஷேர்பாயிண்டின் மறுசுழற்சித் தொட்டியில் 93 நாள் கிடக்கும், போய் எடுத்துக்கொள்ளலாம்.

நகலெடுப்பதற்கு முன்னால் அங்கே ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்ப்பதற்காகத்தான் உங்களுக்கு இந்தப் பரிசோதனை தேவை என்றால், பார்க்கவே வேண்டாம். காப்பி ஃபைல், மூவ் ஃபைல் ஆக்ஷன்களிலேயே, அதே பெயரில் கோப்பு இருந்தால் நிறுத்தவா, மேலெழுதவா, வேறு பெயரில் வைக்கவா என்று கேட்கும் ஒரு தெரிவு இருக்கிறது. நீங்கள் பார்த்ததற்கும் நகலெடுப்பதற்கும் இடைப்பட்ட நேரத்தில் இன்னொருவர் கோப்பைப் போட்டுவிடலாம், அந்த இடைவெளியை இந்தத் தெரிவு மூடிவிடுகிறது.

அலுவலகக் கணினியில் ஓடும் பவர் ஆட்டோமேட் டெஸ்க்டொப்பில் கதை வேறு. அங்கே "இஃப் ஃபைல் எக்ஸிஸ்ட்ஸ்" என்று நேரடியாகவே ஒரு ஆக்ஷன் இருக்கிறது, கோப்பு வரும்வரை காத்திருக்க "வெயிட் ஃபார் ஃபைல்" இருக்கிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஒன்டிரைவ் கோப்புறையில் மேக அடையாளத்தோடு மட்டும் தெரியும் கோப்பையும் அது இருக்கிறது என்றே சொல்லும், திறக்கப் போகும்போது இணையம் இல்லாவிட்டால் திறக்காது. காற்று மழைக் காலத்தில் இணைப்பு அடிக்கடி போகும் அலுவலகமாக இருந்தால், அந்தக் கோப்புறையில் வலது கிளிக் செய்து எப்போதும் இந்தக் கணினியிலேயே வைத்திரு என்று போட்டுவிடுங்கள்.

கட்டியதை எல்லாம் முடித்த பிறகு சங்கத்தின் முகாமையாளரோடு உட்கார்ந்து, மின்னஞ்சலில் என்ன எழுதுவது என்று கதைத்தோம். முன்பு "ஆவணம் சமர்ப்பிக்கப்படவில்லை" என்று போனது. இப்போது உறுப்பினர் இலக்கம், எந்த ஆவணம், எந்தக் கோப்புறையில், எத்தனை மணிக்குத் தேடியபோது கிடைக்கவில்லை என்று போகிறது, கோப்புறைக்கு ஒரு இணைப்பும் இருக்கிறது, ஏற்கெனவே போட்டிருந்தால் இந்தச் செய்திக்கே பதில் அனுப்பவும் என்று கடைசி வரி. முகாமையாளருக்குக் காலையில் பிரதி போவதை நிறுத்தினோம், மத்தியானம் மறுபடி பார்த்து அப்போதும் இல்லாதவை மட்டுமே அவருக்குப் போகின்றன. தெரியவில்லை என்று வந்த விண்ணப்பங்கள் கூட்டத்திலிருந்து பின்தள்ளப்படுவதில்லை. அவை கடன் குழுவின் பட்டியலில் அப்படியே இருக்கும், கூட்டத்துக்கு முன் அலுவலகத்தில் ஒருவர் கோப்புறையைத் திறந்து கையால் சரிபார்க்க வேண்டும் என்பதை முகாமையாளரே விதியாக எழுதி ஒப்பம் வைத்தார்.